நீலம் ஓடிய வாரம்

சாயப்பட்டறையில் அவளை மிளகாய் என்பார்கள். உடன் வேலை செய்யும் பெண்களுக்கு மிளகாயக்கா. தொட்டியில் சாயம் கலப்பது அவள் வேலை. மேஸ்திரியோடு சண்டை போட்டு எல்லோருக்கும் கையுறை வாங்கித் தந்தவள் அவள். அவை கிழிந்தபிறகு மறுபடி சண்டை போட்டாள். அந்தச் சண்டையில் தோற்றாள்.

பட்டறையில் ஒரு கேலி உண்டு. யாருக்காவது சிறுநீர் சிவப்பாகப் போனால், அன்று தொட்டியில் ஓட்டிய சாயம்தான் இறங்குகிறது என்பார்கள். கழிப்பறை வாசலிலேயே, "என்னக்கா, இன்னிக்கு என்ன கலரு?" என்று கேட்பார்கள். அவளுக்கும் அப்படிப் போனதுண்டு; அவளும் சிரித்தவள்தான். வலி கிடையாது. வந்த சிவப்பு தானாக நின்றும் போகும். யார் பயப்படுவார்கள்?

பள்ளிச் சீருடைக்காக ஒரு வாரம் முழுக்க நீலம் மட்டும் ஓடியது. அந்த வாரமும் அவளுக்குச் சிவப்பாகத்தான் வந்தது. கழிப்பறையில் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பயத்துக்கு முன்னால் கோபம் வந்தது. முதலில் தன்மேல்.

தெருமுனை டாக்டர் தலை நிமிரவில்லை. "சூடும்மா. தண்ணி நெறைய குடிங்க." மாத்திரை எழுதினார். சிவப்பு நின்றது, திரும்ப வந்தது. மறுபடியும் சூடு என்றார், மறுபடியும் மாத்திரை. அடுத்த முறை அவள் மேசையைத் தட்டினாள்.

"எனக்கு சூடு உண்டு டாக்டர், ஊருக்கே தெரியும். ஆனா அது வாயில இருக்கு. ஒண்ணுக்குல வர்றது ரத்தம்."

தொல்லை விட்டால் போதும் என்று பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அங்கே சிறுநீரில் செல் பார்க்க வேண்டும் என்றார்கள். மறுநாள் விடிந்ததும் போன முதல் நீரைக் குப்பியில் பிடித்துக்கொண்டு கணவனின் ஸ்கூட்டரில் ஏறினாள்.

"இறுக்கி மூடினியா? என் சட்டை வெள்ளை."

"கொஞ்சம் சாயம் ஏறட்டும். பேசாம ஓட்டுங்க."

ஆய்வுக்கூடப் பெண் குப்பியை வாங்கவில்லை. "எந்திரிச்சதும் போனதா? இது வேணாம்மா. ராத்திரி பூரா உள்ளயே கிடந்து செல்லெல்லாம் சிதைஞ்சிருக்கும். தண்ணி குடிச்சிட்டுக் கொஞ்சம் நடங்க. அடுத்துப் போறதைப் பிடிச்சுக் குடுங்க."

"இதை நேத்தே சொன்னா வாய் தேஞ்சிடுமா?"

"சொல்லியிருக்கணும்மா. எங்க தப்புதான்."

இதற்கு மேல் என்ன திட்டுவது? நடைக்கூடத்தில் முன்னும் பின்னும் நடந்தாள். கணவன் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டான்.

முடிவைச் சொன்ன டாக்டர் வயதில் சின்னவள். "சுவத்துல சுண்ணாம்பு உதிர்ற மாதிரி மூத்திரப்பையோட உள்பக்கத்துலேர்ந்து செல்லு உதிர்ந்துக்கிட்டே இருக்கும். உதிர்ந்ததைப் பாத்தா சுவரைப் பத்திக் கொஞ்சம் தெரியும். உங்க செல்லுல நடுவுல இருக்கிற கரு பெருசாகி, கறுத்து, கோணலா இருக்கு. புற்றுநோயா இருக்கலாம். உள்ள குழாய் விட்டுப் பாத்தாத்தான் நிச்சயமா சொல்ல முடியும்." எழுதப் பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டாள். "என்ன வேலை பாக்குறீங்க?"

"சாயம் கலக்குறேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். சில சாயச் சரக்குகள் வருஷக்கணக்கில் உடம்பில் பட்டால் பையைக் கெடுக்கும் என்றாள். "இதை இதுக்கு முன்னாடி யாரும் கேக்கலையா?"

"இல்ல."

குழாய் விட்டுப் பார்த்ததில் உள்ளே கட்டி இருந்தது. எடுத்தார்கள். தசைக்குள் இறங்கவில்லை, இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் பையையே எடுக்க வேண்டி வந்திருக்கலாம் என்றார்கள். திரும்ப வரக்கூடியது என்பதால் விடாமல் வந்து காட்ட வேண்டும். கணவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான். அவளுக்கு அழுகை வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள்.

நடக்க முடிந்ததும் தெருமுனை டாக்டரிடம் போனாள். வரிசையைத் தாண்டி நேராக உள்ளே நுழைந்தாள்.

"ஏம்மா, நாங்கல்லாம் பொம்மையா?" என்று கத்தினார் ஒருவர்.

"உக்காருங்கண்ணே. உங்களுக்கும் சேத்துத்தான் போறேன்."

டாக்டர் நிமிர்ந்தார். "மறுபடியும் சூடா?"

ஆஸ்பத்திரிக் காகிதத்தை மேசைமேல் வைத்தாள். அவர் படித்து முடிக்கும்வரை நின்றாள். அவர் காகிதத்தைத் திருப்பி நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"கேளுங்க."

"என்னம்மா?"

"நான் என்ன வேலை பாக்குறேன்னு கேளுங்க."

வரிசையில் இருந்தவர்கள் வாசலில் எட்டிப் பார்த்தார்கள்.

"என்ன வேலை பாக்குறீங்க?"

சொன்னாள். "அங்க இன்னும் பத்துப் பன்னெண்டு பொம்பளைங்க நிக்கிறாங்க. எல்லாரையும் இங்க அனுப்புவேன். சூடுன்னு சொன்னீங்கன்னா, நானும் கூட வந்து உக்காருவேன்."