புயல் நாளில் என்கொயரி போர்டு

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

இணையத்தில் ஒரு சொல்லைத் தட்டியவுடன் விடை வந்து நிற்கும் காலத்தில் தாங்கள் வாழ்கிறீர்கள். எழுபதுகளின் இறுதியில், புதுச்சேரியில் அவ்வேலையைத் தொலைபேசி நிலையத்தின் என்கொயரி போர்டு செய்தது. அங்கே நான் ஆபரேட்டராக இருந்தேன். டெலிபோன் எண் கேட்பதற்கென ஏற்பட்ட இடம் அது. ஆயினும் விழுப்புரம் ரயில் எப்போது, இன்று அமாவாசையா, பாம்பு கடித்தால் எந்த ஆஸ்பத்திரி என மக்கள் எதையும் கேட்பார்கள்.

1. ஐஸ் கடை போன்

ஐப்பசி மாதத்தில் ஒரு பகல். புயல் எச்சரிக்கை விடுத்திருந்தார்கள். ஜன்னல் கதவுகள் அடித்துக்கொள்ளும் ஓசையில் ஹெட்செட்டே சரியாகக் கேட்கவில்லை.

"சார், வைத்திக்குப்பத்து ஐஸ் கடைலேர்ந்து பேசறேன், தனலட்சுமி. எங்க ஊட்டுக்காரரு ஏழுமலை வெடிகாலைல கடலுக்குப் போனவரு இன்னும் வர்ல. எதக் கேட்டாலும் நீங்க வெசாரிச்சி சொல்வீங்களாமே?"

"கட்டுமரத்துக்கு என்னம்மா அடையாளம்?"

"முனைல மஞ்சத்துணி சார். எம்பொடவையக் கிழிச்சிக் கட்டனது."

வாடைக்காற்று கட்டுமரங்களைத் தெற்கே தள்ளும். ஆகவே கடலூரைக் கேட்பதென முடிவு செய்தேன். தனலட்சுமியை லைனிலேயே இருக்கச் சொன்னேன்.

2. பாண்டியும் கடலூரும்

ஊர்களை இணைக்கும் ட்ரங்க் லைனில் ஆபரேட்டர்கள் ஒருவரையொருவர் ஊர்ப் பெயரால் அழைப்பதே வழக்கம். சொந்தப் பெயர் கேட்டதில்லை.

"சொல்லுங்க பாண்டி," என்றது ஒரு பெண்குரல். "சுருக்கா சொல்லுங்க, லைன் எப்ப போவும்னு தெரியல."

துறைமுக அலுவலகத்தை விசாரித்துவிட்டு அவர் திரும்பி வந்தார். "மஞ்சத்துணி கட்டுன மரம் ஒதுங்கியிருக்காம். ஆளப் பத்தி ஒன்னும் சொல்லல."

சூப்பர்வைசர் என் பின்னால் வந்து நின்றார். "யோவ், மரம் கெடச்சிடுச்சின்னு சொல்லி வையும். போர்டு பூரா வெளக்கு எரியுது, எத்தன பேரு காத்திருக்காங்க."

"மரத்துக்காகவா சார் அந்தம்மா அழுவுது?"

மறு லைனில் தனலட்சுமி, "சார், இருக்கியா சார்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

மறுபடி கடலூர்: "பாண்டி, ஆபீஸ்ல ஒருத்தர ஒக்கார வெச்சிருக்காங்களாம். பேரு ஏழுமலையாம்."

"ஏழுமலைன்னு குப்பத்துக்குப் பத்து பேரு இருப்பாங்க கடலூர். அவரையே பேசச் சொல்லுங்க."

என்கொயரி லைனை ட்ரங்க்கோடு இணைப்பது விதிக்கு மாறானது. சூப்பர்வைசர் தம் கையாலேயே இணைப்பு வயரைச் செருகினார்.

"தனம்? வலையெல்லாம் போயிடுச்சிடி."

"போனா போவுது. காத்து அடங்கறதுக்குள்ள கெளம்புன, கால ஒடிச்சிருவேன்!" என்றார் தனலட்சுமி.

3. அடுத்த குரல்

அதோடு கடலூர் லைன் செத்தது. ஐஸ் கடை போன் மட்டும் கைமாறிற்று.

"சார், நான் செல்வி. எங்க ஊட்டுக்காரரையும் கேளு சார். தனம் புருஷங்கூட அதே மரத்துலதான் போனாரு."

ஆபீஸில் ஒருத்தர் என்றுதான் கடலூர் சொல்லியிருந்தது. நல்லபடி இருப்பார் என்று சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன்.

"தெரியலம்மா. லைன் வந்ததும் மொதல்ல ஒங்களுக்குத்தான் கேப்பேன்."

மறுநாள் லைன் வந்தது. கேட்டேன். அலையில் பிரிந்ததற்கு மேல் ஏழுமலைக்கும் ஒன்றும் தெரியவில்லை. அதன் பிறகும் பல நாள் கேட்டேன். செல்வி அம்மாவுக்குச் சொல்லும்படியான விடை எதுவும் வரவில்லை.

தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்வதே விடையளிப்பவன் கடமை என்பதை அந்தப் போர்டில் கற்றேன். இக்குறிப்பைத் தூக்கி எறியாமல் பாதுகாத்து வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.