கயிற்றின் கடைசி ஆள்

எங்கள் வீட்டு முன்னறையில் உடற்கல்வி ரீச்சர் ஒருவர் வாடகைக்கு இருக்கிறார். பின்னேரங்களில் சாதாரணதரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் ஏழெட்டுப் பேரை மாமரத்தடியில் இருத்திப் பாடம் சொல்லுவார். நான் குசினி வாசலில் மீன் கழுவிக்கொண்டு கேட்டிருப்பேன். காதைக் கொடுக்கத் தேவையில்லை. அவருடைய குரல் வாவிக்கு அங்கால் இருப்பவர்களுக்கும் எட்டும்.

"ஈர்ப்பு மையம் தாழும்போது உடலின் உறுதிநிலை கூடும்" என்று அவர் சொல்ல, பிள்ளைகள் மூன்று தரம் திருப்பிச் சொல்லும். ஒன்றாவது எழும்பிக் குந்திப் பார்த்ததை நான் காணவில்லை.

ஒருநாள் வாய் சும்மா இருக்கவில்லை. "அது மெய்தான் ரீச்சர். ஆனா இழுத்துக்கொண்டு இருக்கக்குள்ள கடைசி ஆள் எழும்பிப் போனா என்ன நடக்கும் எண்டு புத்தகத்தில போட்டிருக்கா?"

பிள்ளைகள் சிரித்தன. ரீச்சர் சிரிக்கவில்லை. கதையைக் கேட்டுவிட்டு, எழுதித் தாருங்கள் என்று ஒரு கொப்பியையும் பேனையையும் தந்தார். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். என் எழுத்துகள் ஒன்றோடொன்று கோபித்துக்கொண்டு தள்ளித் தள்ளி நிற்கும். இருந்தாலும் எழுதுகிறேன். நடந்தது எனக்கு, எனக்காக வேறு யார் எழுதுவது.

முதலில் கொம்பு விளையாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மழை பொய்த்தால், ஊரில் அம்மை பரவினால், கண்ணகி அம்மனைக் குளிர்விக்க ஆடுவது அது. வளைந்த இரண்டு கொம்புகளை ஒன்றில் ஒன்று கொழுவி, கயிறு கட்டி, ஊர் இரண்டாகப் பிரிந்து நின்று இழுக்கும். எவருடைய கொம்பு முறிகிறதோ அவர் தோற்றார். ஒரு பக்கம் வடசேரி, மறுபக்கம் தென்சேரி. வென்ற சேரி தோற்ற சேரியை வாய்க்கு வந்தபடி ஏசலாம். யாரும் கோபிக்கக் கூடாது, அது வழக்கம்.

எங்கள் பக்கத்தில் வீடு தாயிடமிருந்து மகளுக்கு வரும். சேரி மட்டும் தகப்பன் வழி. ஆகவே வீடு அம்மாவுடையது, அம்மா வடசேரி. அந்த வீட்டுக்குள் இருந்த அப்பாவும் நானும் தென்சேரி. கொம்பு நடக்கிற நாட்களில் அம்மா ஆக்கிய சோற்றை அப்பா இரண்டாந்தரமும் போடச் சொல்லிச் சாப்பிடுவார். ருசி என்று மட்டும் சொல்ல மாட்டார்.

எனக்குப் பத்து வயதான அந்த வருசம் எங்கள் கொம்பு முறிந்தது. அம்மாவின் தமையன், என் மாமா, வடசேரிக்குப் பெரிய ஆள். எங்கள் வேலிக் கடப்பைத் தாண்டும்போதெல்லாம் அவர் ஒரு தரம் இருமிவிட்டுப் போவார். ஏச்செல்லாம் அந்த இருமலுக்குள் இருக்கும், அப்பா குனிந்து வேலிக் கம்பைத் திருத்துவார்.

அந்த நேரத்தில்தான் பள்ளிக்கூடத்துக்குப் புதிய மாஸ்டர் ஒருவர் வந்தார். யாழ்ப்பாணத்து ஆள். காலில் வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து. அப்படியொரு வெள்ளையை நான் கொக்கில்தான் பார்த்திருக்கிறேன். ஊரில் முதல்முதலாக விளையாட்டுப் போட்டி வைக்கப் போவதாகச் சொல்லி, எங்களை வெளியில் கூட்டிவந்தார்.

"ரெண்டு வரிசையா நில்லுங்கோ பாப்பம். விரும்பின பக்கம் நிக்கலாம்."

நாங்கள் கண்மூடித் திறப்பதற்குள் நின்றுவிட்டோம். மாஸ்டருக்குச் சந்தோசத்தில் பெரிய புளுகம். என்ன ஒழுங்கான பிள்ளைகள் என்று தலைமை வாத்தியாரிடம் சொன்னார். ஒரு வரிசைக்குச் சிவப்பு இல்லம், மற்றதற்கு நீல இல்லம் என்று பெயரும் வைத்தார். சிவப்பில் நின்றது முழுக்க வடசேரி, நீலத்தில் நின்றது முழுக்கத் தென்சேரி. தலைமை வாத்தியார் கண்டுகொண்டார். ஆனால் அவரும் தென்சேரி. மாஸ்டர் கேட்கவில்லை, ஒருவரும் சொல்லவுமில்லை.

ஓட்டம், பாய்ச்சல் எல்லாவற்றுக்கும் பிறகு கடைசியாகக் கயிறிழுத்தல் வைப்பதென்று முடிவானது. இரண்டு பக்கத்துப் பாரமும் சமமாக இருந்தால்தான் நியாயம் என்றார் மாஸ்டர். பாரம் பார்க்க ஊரில் இருந்தது ஒரே ஒரு தராசு, நெல் மூட்டை நிறுக்கும் சங்கக் கடைத் தராசு. எங்களை வரிசையாகக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொருவராகத் தட்டில் குந்தவைத்தார். கடைக்காரர் ஒவ்வொரு பாரத்தையும் ஏலம் கூறுகிற மாதிரிக் கூவினார். என் முறை வந்ததும் ஒருதரம் நிறுத்தார், நம்பாமல் மறுகாலும் நிறுத்தார்.

"முக்கால் அந்தருக்கு மேல. கல்லு எதுவும் மடியில இல்லையே கா?"

முக்கால் அந்தர் என்றால் முப்பத்தெட்டுக் கிலோ. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாக இல்லை. ஊரில் என் வயதில் அவ்வளவு பாரம் வேறு யாருக்கும் இருக்கவில்லை.

மாஸ்டர் என் குதிகாலையும் தோளையும் பார்த்தார். எண்ணெய் வாங்க வந்திருந்த அப்பாவைக் கூப்பிட்டார். பக்கத்தில் அம்மாவும் போத்தலோடு நின்றாள்.

"இவதான் கயிற்றின்ர கடைசி ஆள். இவவின்ர பக்கம் வெண்டால் டவுனுக்குப் போட்டிக்குக் கூட்டிக்கொண்டு போவன். போறவைக்குச் சப்பாத்து குடுப்பினம். அங்க விடுதிப் பள்ளிக்கூடத்துப் பெரிய ரீச்சர் எனக்குத் தெரிஞ்சவ. இப்பிடிப் பிள்ளையளை எடுத்துப் படிப்பிக்கிறவ."

"அஞ்சாம் வகுப்போட நிப்பாட்டினாக் காணும் எண்டு இருக்கன் மாஸ்டர்" என்றார் அப்பா. "வட்டைக்குள்ள வேலைக்கு ஆள் இல்ல." வட்டை என்றால் எங்கள் வயல்வெளி.

"வெண்டால்?"

அப்பா என்னைப் பார்த்தார், கடை நிறைய நின்ற சனத்தைப் பார்த்தார். "தென்சேரி வெண்டா அனுப்புறன்" என்று சொல்லத்தான் அவர் வாயெடுத்திருப்பார். மாஸ்டருக்கு விளங்காது என்று நினைத்தாரோ என்னவோ, "புள்ளையிர பக்கம் வெண்டா அனுப்புறன்" என்றார். கடைக்காரர் சாட்சி.

இத்தனை பேச்சில் என் காதில் விழுந்தது சப்பாத்து என்ற சொல் மட்டும்தான்.

மாஸ்டர் பாரங்களைக் கூட்டிப் பார்த்தார். நீலம் கனம், சிவப்பு இலேசு. பென்சிலால் தலையைச் சொறிந்தார். பிறகு என்னைத் தோளில் பிடித்துச் சிவப்பு வரிசையின் கடைசியில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"இப்ப சரி. சமம்."

கடையில் நின்ற சனம் அப்பாவைத் திரும்பிப் பார்த்தது. வெளியே யாரோ இருமினார்கள். மாமாதான்.

அப்பா சொன்ன சொல்லை மீற மாட்டார். ஆனால் வீட்டுக்கு வரும் வழி முழுவதும் எண்ணெய்ப் போத்தலை மறந்து வைத்தவர் போல நடந்தார்.

மாஸ்டர் நன்றாகத்தான் பழக்கினார். குதிகாலை மணலுக்குள் புதை, இடுப்பை இறக்கு, வானத்தைப் பார், எல்லோரும் ஒரே மூச்சில் இழு. கயிற்றைக் கமக்கட்டுக்குக் கீழால் எடுத்துத் தோளுக்கு மேலால் போட்டால் கடைசி ஆளை யானையும் அசைக்காது என்றார். வாவிக்கரைப் பூவரசில் கயிற்றைக் கட்டி இழுத்து, அந்த மரத்தைக் கொஞ்சம் சாய்த்தது நான்தான். இன்றைக்கும் அது சாய்ந்துதான் நிற்கிறது. காற்று என்று சொல்லுகிறவர்கள் சொல்லட்டும்.

மாஸ்டரைவிட அதிகம் பழக்கியது அம்மா. விடிந்ததும் என்னை வாவிக்கரைக்குக் கூட்டிப்போவாள். அப்பாவின் தோணிக்குக் கயிறு கட்டி, தோணிக்குள் தானே ஏறிச் சம்மணம் போட்டு இருந்துகொண்டு, "இழு மனே" என்பாள். மகளையும் எங்கள் பக்கத்தில் மனே என்றுதான் கூப்பிடுவது. நான் சேற்றில் குதிகாலைப் புதைத்து அம்மாவையும் தோணியையும் கரைக்கு இழுப்பேன். மறுகா அம்மா இறங்கித் தோணியைத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டு மறுபடியும் ஏறுவாள். இறால் வலையோடு போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டு, "அக்கைக்கு என்ன, தோணி விடப் பழக்கமில்லையோ?" என்று கேட்பார்கள். அம்மா காதில் விழாத மாதிரி இருப்பாள். வீட்டுக்கு வந்ததும் இரண்டு முட்டை. அதுவரை முட்டை அப்பாவுக்குத்தான் போனது.

அப்பா முட்டையில்லாத தன் சோற்றுக் கோப்பையைப் பார்த்துவிட்டு என்னிடம் குனிந்து சொன்னார். "உங்கட அம்மா வடசேரிக்கு ஆள் பிடிக்காள் புள்ள."

அது எனக்கு ஊசி ஏற்றிய மாதிரி ஏறிவிட்டது.

போட்டி நாளும் வந்தது. அம்மா தன் சிவப்புச் சீலையின் கரையைக் கிழித்து என் தலையில் பட்டியாகக் கட்டிவிட்டாள். நல்ல சீலை. அதையும் வடசேரிக்காகக் கிழிக்கிறாளே என்று எனக்கு ஆத்திரம்.

மாஸ்டர் எங்கும் தேடியும் தடித்த கயிறு கிடைக்கவில்லை. கடைசியில் கோயிலில் இருந்து தந்தார்கள், கொம்பு இழுத்த அதே கயிறு. அதோடு கூடவே வந்தார் கட்டாடியார், அம்மனுக்குப் பூசை வைக்கிறவர். இந்தக் கயிற்றுக்குப் பக்கத்தில் செருப்புக் கால் ஆகாது என்று அவர் சொல்ல, மாஸ்டர் தன் வெள்ளைச் சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கட்டாடியார் கயிற்றுக்குக் கற்பூரம் காட்டினார். சனம் தலைக்கு மேல் கைகூப்பியது. கயிறிழுத்தலுக்கு இவ்வளவு பக்தியான ஊரைத் தான் கண்டதில்லை என்று மாஸ்டர் நினைத்திருக்க வேண்டும்.

மூன்று தரம் இழுப்பு. முதல் தரம் நாங்கள், சிவப்பு, வென்றோம். வெற்றி எனக்கு நன்றாகத்தான் இருந்தது, சப்பாத்து கண்ணில் தெரிந்தது. இரண்டாம் தரம் என் முன்னுக்கு நின்ற பிள்ளைக்குத் தும்மல் வந்து நீலம் வென்றது.

மூன்றாம் தரம் கயிறு அங்காலும் போகவில்லை, இங்காலும் வரவில்லை. நான் மணலுக்குள் முழங்கால் அளவுக்குப் புதைந்து, வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அப்போது மாமாவின் குரல்.

"விடாத மருமகளே. வடசேரிட மானம் உன்ர முதுகிலதான் கிடக்கு."

சனம் கொதித்துவிட்டது. தென்சேரிப் பெண் ஒருத்தி அப்பாவின் பக்கம் கிறுகி, "நல்லாத்தான் புள்ள வளத்திருக்கீங்க. எங்கட அரிசியத் திண்டுபோட்டு அங்கால இழுக்காள்" என்றாள். நான் கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். அப்பா நீலத்தின் பக்கம் தனியாக நின்றார். தலை குனிந்திருந்தது. கால் பெருவிரலால் மணலைக் கிளறிக்கொண்டிருந்தார்.

இங்கால் பார்த்தேன். அம்மா எல்லைக் கோட்டுக்குள் வந்து, முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு, தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள்.

"விடாத மனே. விட்டிராத. இன்னும் கொஞ்சம்தான், விட்டிராத."

சேரிப் பித்து ஒரு மனிசியை இப்படியும் ஆட்டுமா என்று எனக்குத் தோன்றியது. அதற்குப் பிறகு நான் யோசிக்கவில்லை. காலை மணலிலிருந்து பிடுங்கினேன். கயிற்றைத் தலைக்கு மேலால் கழற்றினேன். எழும்பி, மெதுவாக, அங்கால், நீலத்தின் பக்கம் நடந்தேன்.

நான் நான்கு அடி வைப்பதற்குள் என்னுடைய பக்கம் முழுவதும் எனக்கு முன்னால் இழுபட்டுப் போய்விட்டது. சிலர் குப்புற, சிலர் மல்லாக்க. மாமாவின் மகள், என் மச்சாள், கயிற்றை விடாமல் வயிற்றால் இழுபட்டுக்கொண்டே திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நீலப் பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து குவிந்தார்கள். நான் அந்தக் குவியலைச் சுற்றிப் போய், அவர்களுடைய கயிற்றின் நுனியைத் தேடி எடுத்து, மாஸ்டர் பழக்கிய மாதிரியே இடுப்பை இறக்கிப் பிடித்துக்கொண்டேன். இழுக்கத்தான் ஒன்றும் இருக்கவில்லை.

மாஸ்டர் ஓடிவந்தார். ஒரு கையில் விசில், மறுகையில் சப்பாத்து.

"என்ன பிள்ளை செய்தனீ?"

"நான் தென்சேரி, சேர்."

"அது எந்த இல்லம்?"

சனம் சிரித்த சிரிப்பில் வாவியில் நின்ற கொக்கெல்லாம் எழும்பிப் போயின. அப்பா என்னைத் தோளில் தூக்க வந்தார். முழங்கால் வரை தூக்கிவிட்டு இறக்கி வைத்தார். அதனால் நடத்தியே கூட்டிக்கொண்டு போனார், கையை விடாமல், ஊர் முழுக்க. மாமா வீட்டுக் கடப்படியில் நின்று அப்பா அவசரப்படாமல் ஒரு தரம் இருமினார். அதைவிடப் பெரிய கிண்ணம் எந்தப் போட்டியிலும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். சிவப்பு இல்லம் தோற்றதென்றும், நான் சிவப்பு என்றும், ஆனாலும் ஒருதரம் யோசிக்கலாமே என்றும் இழுத்து இழுத்துச் சொன்னார்.

"புள்ளையிர பக்கம் வெண்டா எண்டுதானே சொன்ன நான்" என்றார் அப்பா. "புள்ளைதான் நடுவில எழும்பி வந்திட்டாளே. உங்கட கணக்கில அவள் தோத்த பக்கம்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மாஸ்டருக்குத் தேத்தண்ணியும் கொடுக்கச் சொன்னார்.

அம்மா அடுப்படிக்குப் போனாள். தேத்தண்ணி ஊற்றினாள். என் தலையிலிருந்த சிவப்புப் பட்டியை அவிழ்த்து, மணலை உதறி, நாலாக மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டாள். கண் சிவந்திருந்தது, அடுப்புப் புகை என்று நினைத்தேன். மறுகா, தோற்ற சேரிக்கு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

தோற்றவர்களை ஏசலாம் என்பது வழக்கம். நான் வழக்கத்தில் குறை வைக்கவில்லை. பொழுதுபடும்வரை குசினிக்கும் கிணற்றடிக்கும் அம்மாவின் பின்னால் திரிந்து, "வடசேரி மண்ணைக் கவ்விற்று, வடசேரிக்கு வாய் மட்டும்தான்" என்று ஏசினேன். அப்பா முற்றத்தில் இருந்து சிரித்தார். அம்மா ஒருதரம்கூட என்னை உறுக்கவில்லை. கோப்பையில் சோறு போட்டு, அதன்மேல் முட்டையொன்றைப் பொரித்து வைத்தாள்.

"சாப்பிடு மனே. தை பிறந்தா வட்டைக்குப் போகணும், பெலன் வேணும்."

வட்டைக்குப் போனால் வாய்ப்பாடு பாடமாக்கத் தேவையில்லை. எனக்குச் சந்தோசம். சப்பாத்துக்காக மட்டும் கொஞ்சம் அழுதேன். பிறகு, வடசேரிக்காரி ஒருத்தி தென்சேரிக்காரிக்கு முட்டை பொரித்துத் தருகிறாளே என்று நினைத்துச் சிரிப்பு வந்தது, மஞ்சள் கருவை அம்மாவுக்கு முன்னாலேயே வைத்துச் சாப்பிட்டேன்.