வரலை மிஸ்

காது டெஸ்ட் எடுக்கிற அறைக்குள் பெட்டி மாதிரி இன்னோர் அறை உண்டு. சுவரெல்லாம் பஞ்சு, ஒரு கண்ணாடிச் சன்னல், அரையடி கனத்தில் கதவு. சாத்திவிட்டால் நம் கழுத்து திரும்புகிற சத்தம் நமக்கே கேட்கும். பதினெட்டு வருடமாக அந்தக் கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்து வேலை பார்ப்பவளை கிளினிக்கில் எல்லோரும் காதக்கா என்பார்கள்.

கடைக்காரர் தன்னை விட்டுவிட்டு அடுத்தவரிடம் "என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டால் காதக்கா வெறுங்கையோடு திரும்பிவிடுவாள். வீட்டு வாசலில் "வந்துட்டேன்" என்பாள். பதில் வரும்வரை செருப்பைக் கழற்ற மாட்டாள்.

"வந்தது தெரியுது தாயே, தெருமுனைக்கே கேட்டுச்சு" என்பான் புருஷன். ஏன் இப்படி என்று அவனுக்குத் தெரியாது. அவள் சொன்னதில்லை.

ஏழாம் வகுப்பில் ஒரு விளையாட்டு நடந்தது. வகுப்பு லீடராக இருந்தவள்தான் ஆரம்பித்தாள். இவள் என்று ஒருத்தி வகுப்பிலேயே இல்லை, அவ்வளவுதான் விளையாட்டு. அடி கிடையாது, திட்டு கிடையாது. இவள் பேசினால் ஒருத்தியும் திரும்ப மாட்டாள். உட்கார்ந்திருக்கிற இவள் மடிமேலேயே, காலி பெஞ்சில் வைப்பதுபோலப் பையை வைப்பார்கள். வருகைப் பதிவின்போது இவள் "உள்ளேன் மிஸ்" என்றால், நாற்பது குரல் சேர்ந்து "வரலை மிஸ்" என்னும். வகுப்பு மிஸ் அதட்டுவார். ஒருநாள் புதிதாக வந்த மிஸ், எழுந்து நின்ற இவளைத் தாண்டிக் கதவைப் பார்த்துவிட்டு, வரவில்லை என்றே குறித்துக்கொண்டார். அன்றைக்குக் கழிவறைக் கண்ணாடியை நிமிர்ந்து பார்க்க இவளுக்குத் தைரியம் வரவில்லை.

போன வாரம் காலை பதினொரு மணிக்கு அந்த லீடர் காது பார்க்க வந்தாள். தலை நரைத்திருந்தது. ஆனால் மூக்கால் இழுத்து முடிக்கிற சிரிப்பு அப்படியே இருந்தது.

"வீட்டுல எல்லாரும் முணுமுணுன்னு பேசுறாங்க மேடம். கேட்டா என்னைச் செவிடுங்கிறாங்க. ஊசி கீசி எதுவும் கிடையாதே?"

"கிடையாது. சத்தம் கேட்டா இந்த பட்டனை அமுக்குங்க. போதும்."

அவளை உள்ளே உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கதவைச் சாத்திவிட்டு வந்தாள். மைக்கில் "கேக்குதாங்க?" என்றாள். உள்ளே அசைவில்லை. மறுபடியும் கேட்டாள். லீடர் இவளைத் தாண்டி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம்தான் தெரிந்தது, பேசும் சுவிட்சை அமுக்கவேயில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் எல்லோரும் செய்கிற தவறு. விரல் சுவிட்ச்மேல் போனது. அமுக்கவில்லை. இன்னொரு கை, கேட்காமலே, வெளி விளக்கை அணைத்தது. இனி உள்ளிருப்பவளுக்குக் கண்ணாடியில் தன் முகம் மட்டுமே தெரியும்.

"மேடம்? ஆரம்பிச்சாச்சா?" உள் மைக் வழியாக லீடரின் குரல் வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, "மேடம், இருக்கீங்களா?"

பிறகு ஹெட்போனைக் கழற்றினாள். எழுந்து கதவைத் தள்ளினாள். அது லேசில் திறக்கிற கதவல்ல. கண்ணாடியில் முகத்தை ஒட்டி, இரண்டு கையாலும் தட்டினாள். தட்டல் மைக்கில் மட்டும் கேட்டது. இருட்டில் ஒரு கை தூரத்தில் உட்கார்ந்து காதக்கா பார்த்தாள். அந்த முகத்தை அவளுக்குத் தெரியும். லீடரின் முகமாக அல்ல. நாலு நிமிடம் ஆனபோது உள்ளே அழத் தொடங்கும் மூச்சு கேட்டது. காதக்கா ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

"எங்க போய்த் தொலைஞ்சீங்க? எவ்ளோ நேரமா கத்துறேன்!"

"எங்கயும் போகலை. இங்கதான் இருந்தேன். வேணும்னுதான் பேசலை."

"என்னது?"

காதருகே குனிந்து காதக்கா பள்ளிக்கூடத்தின் பேரைச் சொன்னாள். வகுப்பைச் சொன்னாள், பெஞ்சைச் சொன்னாள், தன் பேரையும் சொன்னாள். லீடர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள். நிஜமாகவே தேடினாள்.

"ஸ்கூல் அதுதான். அந்த க்ளாஸ்தான். ஆனா அப்படி ஒருத்தி எங்க கூடப் படிக்கலையேங்க."

முகத்தில் பொய் இல்லை. காதக்கா தன் தோளைத் தானே பிடித்துப் பார்த்துக்கொண்டாள்.

"மீதி டெஸ்ட்டை டாக்டர் எடுப்பாரு. நான் இனிமே உங்களுக்கு எடுக்கக் கூடாது."

அடுத்த அறையில் டாக்டர் நிமிர்ந்தார். "என்னம்மா, மெஷின் மக்கர் பண்ணுதா?"

"மெஷின் இல்ல டாக்டர், நான்தான். ஒரு ஆளை உள்ள வச்சு நாலு நிமிஷம் பதில் சொல்லாம விட்டுட்டேன். வேணும்னே."

டாக்டர் எழுந்துபோய், லீடரை வராந்தாவில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்கச் சொல்லிவிட்டு வந்தார். கதவைச் சாத்தப் போனவர், காதக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திறந்தே வைத்தார்.

"உட்காரு. ஏன்னு சொல்லு."

உட்கார்ந்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, அவளையே பார்த்தபடி காத்திருந்தார்.