எங்கூர்க் கிணறும் நாடாளுமன்றமும்

இன்று காலை, அன்னூரிலிருந்து காந்திபுரம் வரும் பேருந்து. பக்கத்து இருக்கை அம்மாவின் போனில் நாடாளுமன்ற நேரலை அலறியது. சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன்.

"கொஞ்சம் பொறுத்துக்க கண்ணு. எங்கூர்க் கெணத்தப் பத்திப் பேசறாங்க."

சாயக்கழிவு கலந்த கிணறாம். தண்ணீரைப் பரிசோதித்த அறிக்கை எங்கே என்று எதிர்க்கட்சி எம்.பி. கேட்டார். அமைச்சர் சாதனைகளை அடுக்கினார். எம்.பி. உட்காரவில்லை. கூச்சலுக்கு நடுவே அதே கேள்வியை மூன்று முறை கேட்டார். அந்த அம்மா முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்திருந்தார்.

கடைசியில் அமைச்சர் ஒப்புக்கொண்டார். அறிக்கை போன வருடமே வந்துவிட்டதாம்; தண்ணீர் குடிக்க உகந்ததல்லவாம்.

நான் கைதட்டப் போனேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்பறம் எதுக்கு கண்ணு ஒரு வருசமா எங்களக் குடிக்க உட்டாங்க?"

எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். அமைச்சரே வந்தாலும் சந்தோஷம்தான்.