மாம்பழச்சாலை சோதனையும் நான் கேட்காத பதிலும்

மார்கழிப் பனியில் ஸ்ரீரங்கத்தைப் பார்க்க வேண்டும் என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன். கும்பகர்ணனுக்குத் தங்கை மாதிரித் தூங்குகிறவள் சொன்னால் யார் நம்புவார்கள்? இந்த முறை திருச்சி கே.கே. நகரில் சித்தி வீட்டில் தங்கி, முதல் நாளே வாடகைக் கார் சொல்லி, காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பியேவிட்டேன். கோயிலுக்குச் சுமார் பதின்மூன்று கிலோமீட்டர். அரை நாள் வாடகை ஆயிரத்து இருநூறு.

ஓட்டுநர் அண்ணனுக்கு ஐம்பது வயதிருக்கும். நிதானமான கை. வண்டி முதலாளியுடையது. "கூட ஓட்டிட்டிருந்த ஒருத்தருக்குச் சுகர்னு தெரிஞ்சதும் சாவியை வாங்கிட்டு அனுப்பிட்டாருங்க எங்க முதலாளி" என்று பேச்சுவாக்கில் சொன்னார்.

காவிரிப் பாலத்தில் ஏறியதும் பேச்சு நின்றது. கீழே ஆற்றைக் காணோம், பனிதான் ஓடிக்கொண்டிருந்தது. மலைக்கோட்டை பாதிக்குமேல் கரைந்துபோயிருந்தது. நான் விழித்திருக்கிறேனா என்றே சந்தேகம். பாலம் முடியாமல் இப்படியே நீண்டால் தேவலை என்று இருந்தது.

மாம்பழச்சாலையில் போலீஸ் நிறுத்தியது. வைகுண்ட ஏகாதசி நெருங்குவதால் சோதனை. ஒரு பெண் காவலர் கையில் செல்போன் அளவுக்கு ஒரு கருவி. கதிர்வீச்சு இருந்தால் சத்தம் போடுமாம். டிக்கியில் சும்மா இருந்தது, என் பையிலும் சும்மா இருந்தது. ஓட்டுநர் பக்கம் போனதும் விடாமல் கத்தியது.

எஸ்.ஐ. அவரை இறங்கச் சொன்னார். "ஸ்கேனுக்கு ஏதாவது மருந்து ஏத்துனாங்களா? அதுக்கும் இது அடிக்கும்."

ஆமாம் என்று அண்ணன் தலையசைத்தார்.

"என்ன வியாதி?"

எங்களுக்குப் பின்னால் நின்றதும் அதே முதலாளியின் கார். அதை ஓட்டிவந்தவர் இறங்கி, காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். அண்ணன் முகம் வெளிறிவிட்டது. "தனியாச் சொல்றேன் சார்."

"இங்கேயே சொல்லுங்க. என்ன மறைக்கிறீங்க?"

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "சார், சோதனை பண்ணுங்க, வேணாங்கல. அவர் உடம்புக்கு என்னன்னு ரோட்டுக்கே தெரியணுமா? தனியாக் கேளுங்க."

எஸ்.ஐ. என்னைப் பார்த்தார், பின்னால் நின்றவரையும் பார்த்தார். பிறகு அண்ணனை மரத்தடிக்கு அழைத்துப்போய், அவர் செல்போனில் காட்டியதைப் படித்தார். ஐந்து நிமிடத்தில் திரும்பி, "இதால யாருக்கும் ஆபத்தில்ல, கிளம்புங்க" என்றார்.

வண்டி நகர்ந்ததுமே முதலாளியின் போன். ஸ்பீக்கரில் குரல் கேட்டது. "போலீஸ் ஓரமாக் கூட்டிட்டுப் போச்சாமே? என்ன கேட்டாங்க?" பின்னால் நின்றவர் அதற்குள் பற்றவைத்துவிட்டார். அண்ணன் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"செக்கிங்தாங்க. ஒண்ணும் இல்லைன்னு அவங்களே அனுப்பிட்டாங்க. நாளைக்கு முக்கொம்பு போறேன், அதுக்கும் இவரையே அனுப்புங்க" என்றேன்.

"சரிங்க மேடம்."

ராஜகோபுரம் பனிக்குள்ளிருந்து மேல்நிலைகளை மட்டும் காட்டிக்கொண்டு நின்றது. கீழே ஒன்றுமே இல்லாமல் வானத்தில் மிதந்தது. வண்டியை நிறுத்திவிட்டு, "எனக்கு என்னன்னா..." என்று ஆரம்பித்தார் அண்ணன்.

"சொல்லணும்னு இல்லைண்ணே."

அவர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

ஏகாதசி சமயத்தில் போகிறவர்கள் சோதனைக்காக அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். மருந்து ஏற்றி ஸ்கேன் எடுத்திருந்தால் ஆஸ்பத்திரிச் சீட்டு கையில் இருக்கட்டும். தனியாகக் காட்டுகிறேன் என்று கேளுங்கள், அதில் தப்பில்லை.

வழக்கமாக ஓட்டுநரின் பெயரும் எண்ணும் கீழே கொடுப்பேன். அவருக்குச் சவாரி கிடைக்க வேண்டும் என்று ஆசைதான். ஆனால் இந்தப் பதிவு அவருடைய முதலாளி கண்ணிலும் படலாம். கமெண்டில் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். அவர் வயதை மட்டுமில்லை, அவரை அடையாளம் காட்டக்கூடிய மற்ற விவரங்களையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.