அத்தாயக்கா காட்டுக்கு ஓய்வு முடிஞ்ச கதை

அத்தாயக்கா அதிகம் வாய் தொறக்காது. எனக்குத்தான் வாய் நீளம்னு எஸ்டேட்டே சொல்லும். அதனால அது கதைய நான் சொல்றேனுங்க.

கரடியூருல அக்காவுக்கு ரெண்டு ஏக்கர் சாமைக் காடு. மூணு வருசம் வெள்ளாமை எடுத்தா, அடுத்த மூணு வருசம் மண்ணு ஓய்வுல கெடக்கோணும், அதுல கொத்து படக்கூடாதுன்னு அந்த மலைச்சனங்க வழக்கம். புருசன் செத்து, அடுப்புல ஒலை வெக்க வழியில்லாதப்பக்கூட அக்கா அந்த மண்ணைத் தொடல. எஸ்டேட்டுக்கு வந்து எங்கூடக் காப்பிப்பழம் பறிச்சுது. அப்படித்தான் எங்க ரெண்டு பேருக்கும் பழக்கம்.

நான் எஸ்டேட் கூலியாளுங்க இருக்கற லைன் ஊட்டுல பொறந்தவ, வனிதான்னு பேரு. எஸ்டேட் வாசல்ல ஒரு வெள்ளைக்காரத் துரை பேரு வெட்டுன கல்லு இருக்குது. மொதமொதல்ல இந்த மலைய அளந்து படம் போட்டு, காப்பி கொண்டாந்தவராம். அவரு வரலைன்னா எங்க பாட்டன் கீழ பஞ்சத்துலயே போய்ச் சேந்திருப்பான். நானேது, எம்மவன் கோபி ஏது? ஆயுதபூசைக்கு அந்தக் கல்லுக்கும் பொட்டு வெப்போம். ஒரு வருசம் அக்காளையும் கும்புடச் சொல்லி இழுத்தேன். வெடுக்குன்னு கைய உதறிருச்சு.

"உங்க பாட்டனுக்குச் சோறு போட்டாரு, நீ கும்புடு கண்ணு. அவரு அளக்க வந்தப்ப எங்க காடெல்லாம் ஓய்வுல கெடந்துச்சு. ஆளில்லாத பூமின்னு எழுதிட்டாரு. நீ பழம் பறிக்கிற எடம் பூராவும் எங்க சாமைக்காடுதான்."

எனக்குச் சுருக்குன்னுச்சு. "நானா புடுங்குனேன்?"னு கத்திட்டுப் பத்து நாள் பேசாம இருந்தேன். நொம்பக் கேவலமா இருக்குது, இப்ப நெனைச்சா.

போன வருசம் சேர்வராயன் கோயில் நோம்பி முடிஞ்சதும், அக்கா போட்ட பட்டா மனுவுக்காக தாலூக்கா ஆபீஸ்காரரு காட்டைப் பாக்க வந்தாரு. காடு முட்டுக்கால் உசரம் புல்லு.

"இதுல யாரும் பயிர் பண்றதில்லையா?"ன்னு கேட்டாரு.

"இல்லீங்க. இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கொத்து படாதுங்க"ன்னு அக்கா உள்ளதைச் சொல்லிருச்சு.

அட பாவி மக்கா! அந்தக் காலத்துல துரை கேட்டப்பவும் இவங்க பாட்டனுங்க இதே பதிலைத்தான சொல்லியிருப்பாங்க? ஆபீஸ்காரரு தரிசுன்னு எழுதிட்டாரு. ஒரு மாசத்துல மறுக்கா வருவேன், பயிர் இல்லைன்னா பட்டா இல்லைன்னுட்டுப் போயிட்டாரு. காட்டை உட்டா அக்காவுக்கு வேற நாதியில்ல.

மறுநா அக்கா லைனுக்கு வந்து என்னைக் கூப்புட்டுச்சு.

"காப்பி நட எனக்குத் தெரியாது. நீ சொல்லித் தா சாமி."

"ஏனுங்க்கா, காப்பியா? சாமை வெதைச்சா ஆகாதா?"

"சாமைன்னா மறுக்கா ஓய்வு உடோணும். அப்பவும் எவனாவது வந்து எழுதுவான். காப்பிச்செடின்னா வருசம் பூரா நிக்கும்."

ரெண்டு பேரும் போனோம். மொதக் கொத்து போடறதுக்கு முந்தி அக்கா மண்ணுல குப்புற விழுந்து, "ஆத்தா, பாதித் தூக்கத்துல எழுப்பறேன், பொறுத்துக்க"ன்னு ஒப்பாரி வெச்சுது. அது எந்திரிச்சதும் ஒரு குழி எவ்வளவு ஆழம், செடிக்குச் செடி எத்தனை அடின்னு எங்காயா எனக்குக் காட்டுன மாதிரியே அளந்து காட்டுனேன்.

ஆபீஸ்காரரு சொன்ன நாளைக்கு வந்தாரு. வரிசை வரிசையா நின்ன காப்பி நாத்தைப் பாத்து, "இப்பத்தாம்மா இது நெலம்"னு சிரிச்சுட்டு எழுதிக்கிட்டாரு. ஆடியில பட்டா எஸ்டேட்டுக்குத் தபால்ல வந்துச்சு.

அதைக் குடுக்க நாந்தான் ஓடுனேன். அக்கா வாங்கி இடுப்புல சொருகிக்கிச்சு, பிரிச்சுக்கூடப் பாக்கல.

"இனி அந்த மண்ணுக்கு எப்பவுமே ஓய்வு இல்ல கண்ணு"ன்னு சொல்லி, என் தோள்ல சாஞ்சு அழுதுச்சு.