நம்பர் பிளேட்டை மறைக்கலாமா?

தொண்ணூறுகளின் கடைசியில் மைசூரில் எங்கள் தெருமுனையில் ஒரு பிரவுசிங் சென்டர் வந்தது. அங்கே உட்கார்ந்து, உலகமெங்கும் இருந்த தமிழர்களோடு இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டிச் சண்டை போடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. குளிரில் இட்லி மாவு ஏன் புளிப்பதில்லை என்று ஒரு வாரம் அடித்துக்கொள்வோம். மறுவாரம், யாருக்கு முதுகெலும்பு இருக்கிறது என்று.

காவிரித் தண்ணீருக்காக மறுநாள் பந்த் என்று அறிவித்த சாயங்காலம் நான் கேட்ட கேள்வி விளையாட்டில்லை. என் தங்கைக்கு எந்த நேரமும் பிரசவ வலி வரலாம். ஆஸ்பத்திரி ஊரின் அந்தக் கோடியில். ஆட்டோ ஓடாது. இருப்பது அவள் வீட்டுக்காரர் ஈரோட்டிலிருந்து மாற்றலாகி வந்தபோது கொண்டுவந்த வேன். அதில் தமிழ்நாட்டு நம்பர். பந்த் அன்றைக்கு அந்த நம்பரைப் பார்த்தால் கல் விழும். "எப்படிக் கூட்டிக்கிட்டுப் போறது? நம்பர் பிளேட்டை மறைக்கலாமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க" என்று எழுதினேன்.

பதில்கள் மளமளவென்று வந்தன. "நம்பரை ஏன் மறைக்கணும்? தலை நிமிர்ந்து போங்க" என்றார் ஒரு நியூ ஜெர்சிக்காரர். "பயந்து பயந்துதான் நம்ம இனமே இப்படி ஆச்சு" என்றார் சிங்கப்பூர்க்காரர். ஒரே ஒருவர் பிளேட்டைக் கழற்ற எந்த ஸ்பேனர் வேண்டும் என்று எழுத, எல்லோரும் அவர்மேல் பாய்ந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடப் பாவிகளா, உங்க தங்கச்சியா இருந்தா இந்த வேன்ல ஏத்தி விடுவீங்களா? திட்டக்கூடப் பிடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

காலையில் அவளுக்குப் பனிக்குடம் உடைந்தது.

"அக்கா, பிளேட்டைக் கழட்டிடவா?" என்றார் அவள் வீட்டுக்காரர்.

"பிளேட்டே இல்லேன்னா இன்னும் சந்தேகம் வரும் தம்பி. இருங்க."

ஆயுத பூஜை முடிந்த வாரம் அது. வேனின் முகப்பில் சாமந்தி மாலை காய்ந்து தொங்கியது. அதை இழுத்து நம்பர்மேல் கட்டி, மஞ்சளைக் குழைத்து அப்பினேன். அந்த வாரம் மைசூரில் பாதி வண்டிகள் அப்படித்தான் ஓடும்.

சர்க்கிளில் டயர் எரிந்துகொண்டிருந்தது. ஏழெட்டு இளைஞர்கள் வேனை மறித்தார்கள். "எல்லிகே?" எங்கே என்று.

"ஆஸ்பத்திரிகே அண்ணா, ஹெரிகே நோவு" என்றேன், பிரசவ வலி என்று. தவறியும் ஒரு தமிழ் வார்த்தை வந்துவிடக் கூடாதென்று தங்கை புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

ஒருவன் வண்டியைச் சுற்றிப் பின்பக்கம் போனான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐயையோ, பின் நம்பரை மறைக்கவே இல்லை! பூஜையில் யார் பின்பக்கத்துக்கு மாலை போடுகிறார்கள்?

அவன் திரும்பி வந்து ஜன்னல் வழியே என்னைப் பார்த்தான். பிறகு தங்கையைப் பார்த்தான்.

"ஏனோ?" என்றான் கையில் கல் வைத்திருந்த கூட்டாளி. என்னடா விஷயம் என்று.

"ஏனில்லா. பிட்றோ, ஹோக்லி." ஒன்றுமில்லை, விடுங்கடா, போகட்டும்.

சொல்லிவிட்டு, டயரைத் தாண்டும்வரை அவன் எங்கள் வண்டியை ஒட்டிப் பின்னாலேயே நடந்து வந்தான், மற்றவர்களுக்கு நம்பர் தெரியாதபடி. அவன் பேர்கூட எனக்குத் தெரியாது.

பேர் வைக்கும் விழாவுக்கு முன்னால் ஒருநாள் சென்டருக்குப் போனேன். மறைப்பது கோழைத்தனமா, சாமர்த்தியமா என்ற சண்டை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. தங்கை என்ன ஆனாள் என்று ஒருவர்கூடக் கேட்டிருக்கவில்லை. "பெண் குழந்தை. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்று தட்டினேன்.

நியூ ஜெர்சியிலிருந்து உடனே பதில் வந்தது: "தமிழ்ப் பேர்தானே வைப்பீங்க?"